செம்புத் தீர்த்தமும் மூன்றாவது பரீட்சையும்

சனிக்கிழமை காலை எட்டரைக்குச் சந்திரமதி சாவியைத் திருப்பினாள். கார், தான் செய்யவேண்டிய ஒரேயொரு வேலையைத் தவிர மற்றெல்லா வேலையையும் செய்தது. மழை விட்டு வானம் வெளுத்திருக்க, முன்கண்ணாடித் துடைப்பான் இரண்டு தரம் ஆடி நின்றது. நாலு கதவுகளின் பூட்டுகளும் டக்டக்கென்று விழுந்து விழுந்து எழும்பின. பின்பக்கத்துக் கண்ணாடி ஒன்று யாரும் தொடாமலே பாதிவரை இறங்கியது. இயந்திரம் மட்டும் வாய் திறக்கவில்லை. மீட்டர்களுக்கு நடுவே சாவிப் படம் போட்ட சிவப்பு விளக்கொன்று மினுங்கிக்கொண்டே இருந்தது.

“இஞ்சாருங்கோ, காருக்குப் பேய் பிடிச்சிட்டுது!” என்று மேலே பார்த்துக் கத்தினாள்.

பல்கனியில் நின்ற கணவர் வரதராசா, மற்ற நாளென்றால் “கிளச்சை மிதிச்சனீரோ?” என்று மூன்று வீட்டுக்குக் கேட்கச் சத்தம் போட்டிருப்பார். அன்று ஒரு சொல்லும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கி வந்தார். அது அவளுக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. பதற்றத்தில் யாருக்கு என்ன உறைக்கும்?

பதறாமல் என்ன செய்வாள்? திங்கட்கிழமை காலை பத்து இருபதுக்கு அவளுக்குக் கார் ஓட்டுநர் பரீட்சை. மூன்றாவது தடவை. இதிலும் விட்டால், இந்த நாட்டுச் சட்டப்படி ஒரு மனோதத்துவ நிபுணரிடம் போய், தனக்கு மூளை சரியாக வேலை செய்கிறது என்று எழுதி வாங்கிவர வேண்டும். பழகுவதற்குத் தந்த அனுமதி முடிய ஒன்பது நாள்தான் மிச்சம். இடைக்கிடை இதே காரில் வந்து சொல்லிக்கொடுத்த ஆசிரியரும் விடுமுறையில் போய்விட்டார். வேறு காரை அவள் தொட்டதுமில்லை.

இவ்வளவுக்கும் மேலே வேலை ஒன்று இருந்தது. சந்திரமதி பீல் நகரத்துக் கைக்கடிகாரத் தொழிற்சாலை ஒன்றில் பதினொரு வருடமாக வேலை செய்கிறாள். கடிகாரத்துக்குள் தண்ணீர் போகுமா போகாதா என்று பார்க்கும் பகுதி. அந்தப் பகுதியை வருகிற மாதம் மலைக்கு மேலே ஓர் ஊருக்கு மாற்றுகிறார்கள். வேலை தொடங்குவது காலை ஐந்தே முக்காலுக்கு. முதல் பஸ் அங்கே போய்ச்சேருவது ஆறரைக்கு. “லைசென்சோடு வா, உன் கதிரை உனக்குத்தான். மாத முடிவு வரைக்கும் பார்ப்பேன்” என்று மேலதிகாரி சொல்லியிருந்தார்.

கதிரை என்றால் சும்மா கதிரை இல்லை. தொண்ணூற்று நாலில் அகதியாக வந்தவள், முதலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினாள், பிறகு ஹோட்டலில் கட்டில் விரித்தாள், அதற்குப் பிறகு நாலு வருடம் அதே தொழிற்சாலையில் பின்னேரத்துக் கூட்டித் துடைக்கும் வேலை. வெள்ளை மேலங்கி போட்ட பெண்கள் எழும்பிப் போன கதிரைகளை ஒவ்வொன்றாகத் துடைப்பாள். ஒரு நாள் துணிந்து, “எனக்கும் இந்த வேலை பழக்குவீர்களா?” என்று கேட்டாள். கை நடுங்காது என்று கண்டதும் எடுத்துக்கொண்டார்கள். தான் துடைத்த கதிரையில் தானே உட்கார்ந்த அன்று கழிவறைக்குள் போய் நின்று அழுதாள். அதை விட்டுக்கொடு என்றால் விடுவாளா?

சரி, நடுங்காத கை பரீட்சையில் ஏன் இரண்டு தரம் கவிழ்த்தது? அதற்குக் காரணம் பக்கத்துச் சீட்டு. அவளை ஒரு வருடமாக நாளாந்தம் கார் ஓடப் பழக்கியது வரதராசா. நல்ல மனுசன், வைத்தியசாலைச் சமையலறையில் இருபது வருடமாக யாரோடும் கோபிக்காமல் வேலை செய்கிறவர். ஆனால் காருக்குள் ஏறி உட்கார்ந்தால் மட்டும் அவருக்கு என்ன வருமோ தெரியாது. “பிரேக்! பிரேக்! ஐயோ, கண் எங்கை வைச்சிருக்கிறீர்?” ஒரே கத்தல். கிரைசல் என்று இங்கே எல்லோரும் சொல்லும் சுற்றுவட்டம் வந்துவிட்டால் இரண்டு மடங்கு. முதல் பரீட்சையில் அவள் பெரிய கிரைசலுக்குள் காரை நிற்பாட்டிவிட்டாள். பக்கத்தில் இருந்த பரீட்சகர் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது கத்தப் போகிறான், இப்போது கத்தப் போகிறான் என்று காத்திருந்ததில் அவளுடைய கையும் காலும் விறைத்துப் போயின. இரண்டாவது தரம், பரீட்சகர் தும்மலுக்கு வாயைத் திறக்க, நடு வீதியில் பிரேக்கை மிதித்துவிட்டாள். இதை அவள் கணவரிடம் சொன்னதில்லை. சொன்னால் அதற்கும் கத்துவார் என்று நினைத்தாள்.

“இரவு மழையெல்லோ. நேற்றுக் கண்ணாடியைத் திறந்து விட்டிட்டன் போலை” என்றார் வரதராசா, அவள் முகத்தைப் பாராமல்.

வழியில் நின்ற காரைப் பார்க்க வரும் வீதி உதவிக்குப் போன் பண்ணினார்கள். ஒரு மணி நேரத்தில் மஞ்சள் மேலங்கியோடு ஓர் இளந்தாரி வந்தான். முதலில் பற்றரியைச் சோதித்தான். குறையில்லை. சாவியைத் திருப்பினான், பூட்டுகள் துள்ளுவதைக் கேட்டான், சிரித்தான். பிறகு பக்கத்துச் சீட்டுக்கு முன்னால் குனிந்து கால்மிதியைத் தூக்கி, கீழே விரித்திருந்த கம்பளத்தைக் கையால் அமத்தினான். சளக்கென்று தண்ணீர் விரலுக்கு மேலே வந்தது.

“இதுக்கு அடியில்தான் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கிறது. பூட்டு, கண்ணாடி, துடைப்பான் எல்லாம் இதுதான் பார்க்கிறது. சாவி உங்களுடையதுதானா என்று பார்ப்பதும் இதுதான். இப்போது அதுக்கு உங்களைத் தெரியவில்லை. அதனால் ஸ்டார்ட் பண்ண விடாது” என்று ஜெர்மன் மொழியான டொச்சில் விளக்கினான். “எப்படித் தண்ணீர் போனது?”

“மழை” என்றார் வரதராசா.

“சீட் நன்றாகக் காய்ந்திருக்கிறதே” என்று சொல்லிவிட்டு அவன் தோளைக் குலுக்கினான். பற்றரி வயரைக் கழற்றிவிட்டு, அடிக்கடி சாவியைத் திருப்பிப் பார்க்க வேண்டாம், பெட்டி எரிந்துபோகும் என்றான். கராஜில் புதன்கிழமைக்கு முன்னால் ஆள் கிடைக்காது, அதுவரைக்கும் காயவிட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னான்.

புதன்கிழமை! அவன் போனதும் அவள் சேலைத் தலைப்பைச் செருகுகிற மாதிரி ஜம்பரின் கையை முழங்கைவரை இழுத்துவிட்டுக்கொண்டு காருக்குள் குனிந்தாள்.

“விடும் சந்திரா, அது கொம்பியூட்டர். எங்களுக்கு விளங்காது.”

“தண்ணி எனக்கு விளங்கும். பதினொரு வருசம் அதைத்தானே பாக்கிறன்.”

பெட்டி ஒரு சோப்புப் பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது. பெரிய செருகி ஒன்றை இழுத்துவிட்டு, இரண்டு திருகாணியைக் கழற்றினால் கையோடு வந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சமையலறை மேசையில் வெள்ளைத் துணி விரித்து, மூடியைக் கழற்றினாள். உள்ளே பச்சை நிறப் பலகை, அதில் எறும்பு எறும்பாகச் சின்னச் சாமான்கள், மூலையில் ஒரு கரண்டித் தண்ணீர்.

தலைமுடி காயவைக்கும் மெசினோடு வரதராசா ஓடிவந்தார். “வேண்டாம், சூடு ஈரத்தை இன்னும் உள்ளுக்குத் தள்ளும்” என்று தடுத்தாள். மனுசன் சும்மா இருக்கவில்லை. கீழே போய், அஞ்சு கிலோ சம்பா அரிசியைக் காருக்குள் அந்த ஈரக் கம்பளத்தின்மேல் அப்படியே கொட்டிவிட்டு வந்தார். நனைந்த போனை அரிசிக்குள் வைத்தால் சரிவரும் என்று வேலையிடத்தில் யாரோ சொன்னார்களாம். அதை அள்ளிக் கூட்டி எடுக்க அவளுக்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. ஏச வாய் வந்தது. ஆனால் அவர் நின்ற கோலத்தைப் பார்த்து விட்டுவிட்டாள். கூட்டி முடித்துப் பழைய துவாய்களை நாலாக மடித்து, ஏறி மிதித்து மிதித்து ஈரத்தை எடுத்தாள்.

தொழிற்சாலையில் பெட்டிகளோடு வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பைகளை அவள் எறியாமல் சேர்த்து, கூறைச்சேலை இருந்த பெட்டிக்குள் போட்டு வைத்திருந்தாள். அவற்றில் இருபதை எடுத்தாள். பலகையையும் பைகளையும் கண்ணாடி மூடியுள்ள பாத்திரமொன்றுக்குள் வைத்து, ஹீட்டருக்குக் கிட்ட இராத்திரி முழுக்க விட்டாள். ஞாயிறு விடிய, மூடியின்மேல் ஓர் ஐஸ் கட்டி வைத்தாள். வேலையிடத்தில் செய்வதும் இதுதான். கடிகாரத்தை இளஞ்சூட்டில் வைத்து, கண்ணாடியில் குளிர்ந்த துளி ஒன்று விட்டால், உள்ளே துளி ஈரம் இருந்தாலும் கண்ணாடியில் பனிமூட்டம் மாதிரிப் புகார் படிந்து காட்டிக்கொடுக்கும். ஐந்து நிமிடம் பார்த்தாள். புகார் இல்லை. காய்ந்துவிட்டது.

பெட்டியைக் கொண்டுபோய் அதன் இடத்தில் பூட்டி, பற்றரியை இணைத்து, சாவியைத் திருப்பினாள். துடைப்பான் ஆடியது. பூட்டுகள் துள்ளின. சிவப்பு விளக்கு மினுங்கியது.

அவளுக்கு அழுகை வந்தது. பிறகு கோபம் வந்தது, கோபத்தோடு யோசனையும் வந்தது. மழைத்தண்ணீர் என்றால் காய்ந்ததோடு கதை முடிந்திருக்க வேண்டும். தண்ணீர் போய்விட்டது, தண்ணீர் கொண்டுவந்தது ஏதோ போகாமல் இருக்கிறது. மறுபடியும் பெட்டியைக் கழற்றினாள். வேலைக்குப் பாவிக்கும் உருப்பெருக்கியைக் கண்ணில் பொருத்திக்கொண்டு பார்த்தாள். உலோகக் கால்களைச் சுற்றி மெல்லிய ஏடு மாதிரி ஒன்று படிந்திருந்தது. ஈரப் பஞ்சுக் குச்சியால் துடைக்க, மஞ்சளாக வந்தது. துரு என்று நினைத்து, குச்சியைக் கழுவும் தொட்டிக்குள் போட்டாள். தொட்டிக்குள் சவர்க்காரத் தண்ணீர் நின்றது.

குச்சியின் நுனி குங்குமம் மாதிரிச் சிவந்தது.

மஞ்சள் பட்ட சட்டைக்குச் சவர்க்காரம் போட்டால் என்ன நடக்கும் என்று தமிழ்ப் பெண்ணுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. சந்திரமதி பலகையை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பன்னீர். அதற்கு அடியில் புளித்த பால்.

“இஞ்சை வாங்கோ ஒருக்கா” என்றாள். குரல் உயரவில்லை. அதுதான் வரதராசாவைப் பயப்படுத்தியிருக்க வேண்டும், வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சீட்டை நனைக்காமல் நிலத்தை மட்டும் நனைக்கிற மழை எங்கை பெஞ்சது? பாலும் பன்னீருமாப் பெஞ்ச மழை?”

அவர் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கோயிலுக்குப் போயிருக்கிறார். அவளுடைய பேருக்கு அம்மனுக்கு அபிஷேகம். பாலும் தேனும் மஞ்சளும் பன்னீரும் கலந்த தீர்த்தத்தை ஐயர் செம்பு நிறையத் தந்தார். பிளாஸ்டிக் போத்தலுக்குள் விடுவது மரியாதை இல்லை என்று மூடி இல்லாத அந்தச் செம்பை அப்படியே பக்கத்துச் சீட்டுக்கு முன்னால், நிலத்தில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

“எங்கை கொட்டினது?”

“கிரைசலிலை.”

“எந்தக் கிரைசல்?”

“பெரிய கிரைசல்தான். ஒருத்தன் குறுக்காலை வந்திட்டான். நான் கொஞ்சம் பிந்திப் பிரேக் அடிச்சிட்டன்.”

சந்திரமதிக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக முட்டின. “ஒரு வருசம்! அதே கிரைசலிலை ஒரு வருசமா என்னைக் கத்தின வாய்! உண்மையைச் சொல்லியிருந்தா நேற்றே வேலையை முடிச்சிருப்பன். ஒரு நாளைத் துலைச்சிட்டீங்களே! நான் பாஸ் பண்ண மாட்டன், அம்மன்தான் பாத்துத் தரோணும் எண்டு போனனீங்களோ?”

“இல்லை” என்றார் அவர். “நீர் பாஸ் பண்ணோணும் எண்டு நான் கேக்கேல்லை. நீர் நல்லா ஓடுவீர், அது எனக்குத் தெரியும். போன முறை பரீட்சை முடிஞ்ச அண்டு இரவு நீர் நித்திரையிலை ‘கத்தாதேங்கோ, கத்தாதேங்கோ’ எண்டு புலம்பினனீர். அண்டைக்குத்தான் எனக்கு விளங்கினது, ரெண்டு தரமும் உம்மை விழுத்தினது நான்தான் எண்டு. என்ரை வாயை அடக்கித் தா தாயே எண்டுதான் கேட்டனான். வேறை ஒண்டும் கேக்கேல்லை.”

அவளுக்கு அந்த மனுசன்மேல் இரக்கமும் அன்பும் பொங்கி வந்தன, கூடவே செம்பால் ஒன்று போடலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்ய நேரம் இல்லை.

“தேன் கனக்கவோ?” என்று கேட்டாள்.

“ஒரு போத்தல்.”

“நாசமாப் போச்சு. பான்ஹோஃப் ரயில் ஸ்டேசன் பார்மசி ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். ஓடிப்போய் இருக்கிறதிலை சுத்தமான அல்ககோல் வாங்கிக்கொண்டு வாங்கோ. கையிலை பிடிச்சுக்கொண்டு வாங்கோ, மூடி இறுக்கமோ எண்டு பாத்து.”

அவர் வருவதற்குள், துணி அழுத்தும் இஸ்திரிப் பெட்டிக்கு விடும் உப்பில்லாத தண்ணீரால், மெல்லிய பல் தூரிகை கொண்டு பலகையைக் கழுவினாள். தண்ணீரில் விழுந்த சாமானை மறுபடி தண்ணீரால் கழுவுவதா என்று வரதராசா இருந்திருந்தால் அலறியிருப்பார். தேனுக்கும் பாலுக்கும் வேறு வழி இல்லை. பிறகு அல்ககோலால் இரண்டு தரம் கழுவினாள், அது மிச்ச ஈரத்தையும் இழுத்துக்கொண்டு பறந்துவிடும். கீழே காருக்குள் படுத்துக் கிடந்து, வயர்ப் பக்கத்துச் செருகியையும் ஓட்டை ஓட்டையாகத் துடைத்தாள். அதில் ஓர் உலோகக் கால் பச்சை பிடித்து மெலிந்திருந்தது. மெல்லச் சுரண்டினாள். அதற்குமேல் தொட்டால் முறிந்துவிடும்.

“இவர் ஒருத்தர் இடைக்கிடை கரைச்சல் தருவார்” என்று கணவருக்குக் காட்டினாள். பின்னேரம் ஆறு மணிக்குப் பெட்டியைப் பூட்டிச் சாவியைத் திருப்ப, துடைப்பான் அசையவில்லை, பூட்டுகள் துள்ளவில்லை, சிவப்பு விளக்கு ஒரு தரம் மினுங்கி அணைந்தது. இயந்திரம் உறுமியது. வரதராசா வாயைத் திறந்தார், மூடினார், கையை எடுத்துக் கும்பிட்டார்.

திங்கட்கிழமை பரீட்சை நிலையம் வரைக்கும் அவர் பக்கத்துச் சீட்டில் கல்லாக இருந்தார். பரீட்சகர் அறுபதை எட்டிய மெலிந்த மனிதர். வரதராசா இறங்கிய இடத்தில் ஏறி, எழுதும் பலகையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். மூக்கை ஒரு தரம் உறிஞ்சிப் பார்த்தார். பன்னீர் வாசம் போகவில்லை.

நகரத்துக்குள் அரை மணி நேரம் ஓடினாள். பெரிய கிரைசல் நல்லபடி கழிந்தது. ஏரிக்கரைப் பக்கம் ஒரு தெருவில் பின்னோக்கி நிறுத்தச் சொன்னார், நிறுத்தினாள். இயந்திரத்தை நிற்பாட்டச் சொன்னார், நிற்பாட்டினாள்.

“சரி, இனி நிலையத்துக்குப் போவோம்.”

சாவியைத் திருப்பினாள். துடைப்பான் ஆடியது. பூட்டுகள் துள்ளின.

பரீட்சகரின் பேனா தாளில் இறங்கியது. ஒரு கணம் அவளுடைய முழங்காலுக்குள் அந்தப் பழைய விறைப்பு ஏறத் தொடங்கியது. இப்போது கத்தப் போகிறான். அப்போது அவளுக்கு அந்தப் பச்சைக் கால் ஞாபகம் வந்தது. எங்கே இருக்கிறது, எந்த வரிசையில், எத்தனையாவது என்று கண்ணுக்குள் தெரிந்தது. விறைப்பு அதோடு நின்றுவிட்டது.

“ஐயா, தயவுசெய்து நீங்கள் இறங்க வேண்டும்” என்றாள் டொச்சில்.

“நானா?”

“ஓம், நீங்கள்தான். நான் பார்க்க வேண்டியது உங்கள் காலுக்குக் கீழே இருக்கிறது. இரண்டு நிமிடம்.”

பரீட்சை எடுக்க வந்தவள் பரீட்சகரைக் காரிலிருந்து இறக்கி நடைபாதையில் நிற்கவைத்த கதையை இன்றைக்கும் பீலில் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றார். அவள் அபாய விளக்கைப் போட்டாள், சாவியைக் கழற்றினாள், இறங்கிச் சுற்றி வந்து கம்பளத்தை மடித்தாள், செருகியை இழுத்தாள், அந்தக் காலில் ஊதினாள், நேராக வைத்து இறுக்கினாள். கை நடுங்கவில்லை. அரிசி மணி ஒன்று அங்கே கிடந்தது, அதையும் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டாள். திரும்பி வந்து சாவியைத் திருப்ப, கார் உறுமியது.

“ஓடும்போது நின்றுவிடுமா?” என்று பரீட்சகர் வெளியில் நின்றபடியே கேட்டார்.

“நிற்காது. ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும்தான் அது சாவியைப் பார்க்கும். இந்தக் கிழமையே கராஜில் அந்தச் செருகியை மாற்றுவேன்.”

அவர் ஏறிக் கதவைச் சாத்தினார். “எனக்கு முப்பது வருட அனுபவம். கார் நின்றால் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். நீங்கள் காரைப் பார்த்தீர்கள்” என்று மட்டும் சொன்னார். நிலையத்துக்கு வந்ததும் பாஸ் என்று கையெழுத்துப் போட்டுத் தாளை நீட்டினார். கராஜுக்குப் போக மறக்க வேண்டாம் என்று எழுத்தில் வேறு போட்டிருந்தார்.

வாசலடி வாங்கில் உட்கார்ந்திருந்த வரதராசா அவள் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துத் துடைத்துப் பார்த்தும் அது தெளியவில்லை, பிரச்சினை கண்ணாடியில் இல்லையே. அவள் தொழிற்சாலைக்குப் போன் பண்ணி, “என் கதிரையை வண்டியில் ஏற்றுங்கள், நான் வருகிறேன்” என்றாள்.

வீட்டுக்கு அவளே ஓடினாள். பெரிய கிரைசலுக்குள் வெள்ளை வான் வண்டி ஒன்று குறுக்கே பாய்ந்து வந்தது. வரதராசாவின் வலக்கால் இல்லாத பிரேக்கை நிலத்தோடு சேர்த்து மிதித்தது. வாய் ஆவென்று திறந்தது. சத்தம் வரவில்லை. அவள் நேரத்தோடு வேகத்தைக் குறைத்து, வானைப் போகவிட்டு, வெளியே திருப்பி எடுத்தாள்.

“வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போவம்” என்றாள். “நீங்கள் கேட்டது கிடைச்சிட்டுது, நேத்தியை வைச்சிருக்கக்கூடாது. நான்தான் ஓடுவன். செம்பு உங்கடை மடியிலை இருக்கோணும்.”

“ஓம்” என்றார் வரதராசா. அந்தக் காருக்குள் ஒரு வருடத்தில் அவர் மெதுவாகச் சொன்ன முதல் சொல் அதுதான்.